அதிவேக சொகுசு செடான்கள்: ஸ்டீயரிங், பிரேக் உணர்வு காருக்குக் கார் எப்படி மாறுபடுகிறது?

ஹைதராபாத்: கோடி ரூபாயை நெருங்கும் அல்லது அதைத் தாண்டும் விலையில் அதிவேக செடான் வாங்க நினைப்போர் முதலில் கேட்பது, நின்ற நிலையில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை அது எத்தனை விநாடிகளில் எட்டும் என்பதைத்தான். விற்பனைக் கையேட்டிலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டப் போகிறவரின் கைகளுக்கும் வலது காலுக்கும் நாள்தோறும் தட்டுப்படுபவை வேறு இரண்டு: ஸ்டீயரிங் எப்படித் திரும்புகிறது, பிரேக் பெடல் எப்படி அழுந்துகிறது என்பவை. இவற்றுக்குக் கையேட்டில் எண் கிடையாது. ஓட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

கடந்த சில ஆண்டுகளில் இந்த இரண்டும் அடியோடு மாறியுள்ளன. ஸ்டீயரிங்கில் எண்ணெய் அழுத்தத்தின் இடத்தை மின்மோட்டார் பிடித்துவிட்டது. பல புதிய மாடல்களில் பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே கணினி வந்து அமர்ந்துள்ளது. காரின் எடையோ சில மாடல்களில் இரண்டரை டன்னைத் தொடுகிறது. ஓட்டுநருக்குச் சாலை தரும் எச்சரிக்கை இவற்றைக் கடந்து வந்து சேருகிறதா என்பதே இப்போதைய கேள்வி. இது ரசனை சார்ந்த விஷயம் மட்டுமல்ல, பாதுகாப்பும் சார்ந்தது.

சைனிக்புரி முதல் வெளிவட்டச் சாலை வரை

செகந்திராபாத்தின் வடகிழக்கே, படைவீரர்களுக்கான குடியிருப்பாக உருவான சைனிக்புரி இத்தகைய கார்களைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். மரநிழல் விழும் உட்தெருக்களில் வேகத்தடைகள், நிறுத்தப்பட்ட வாகனங்கள், பள்ளிப் பேருந்துகள் என 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாத பயணம். ஏ.எஸ்.ராவ் நகர், நேரேட்மெட் பக்கம் சென்றால் அடிக்கு ஒரு முறை பிரேக் மிதிக்க வேண்டிய நெரிசல். அங்கிருந்து கீசரா அல்லது ஷாமீர்பேட் திசையில் சென்றால் 158 கிலோமீட்டர் நீளமுள்ள எட்டு வழி நேரு வெளிவட்டச் சாலை வந்துவிடும். அங்கு 2023-ஆம் ஆண்டு முதல் விரைவுத் தடங்களில் அதிகபட்ச வேக வரம்பு மணிக்கு 120 கிலோமீட்டர்.

ஒரே பயணத்தில் இந்த இரண்டு உலகங்களையும் கடக்கும் காருக்கு இரண்டு விதமான குணங்கள் தேவை. உட்தெருவில் பெடலைத் தொட்டவுடன் வெடுக்கென்று பிடிக்காத பிரேக் வேண்டும். வெளிவட்டச் சாலையில் தயக்கமின்றிக் கடிக்கும் பிரேக் வேண்டும். ஸ்டீயரிங்குக்கும் இதே இரட்டை நிபந்தனை பொருந்தும். வேகத்தில் நன்றாக இருக்கும் கார் நெரிசலில் எரிச்சலூட்டுவது அரிதல்ல.

கைகளுக்கு என்ன செய்தி வருகிறது?

ஸ்டீயரிங் 'உணர்வு' என்பது வெறும் கனமோ இலகுவோ அல்ல. வளைவில் திரும்பும்போது டயர் சற்றே முறுக்கிக்கொண்டு, சக்கரத்தை மீண்டும் நேராக்க முயலும் ஒரு விசையை உண்டாக்குகிறது. அந்த விசைதான் ஸ்டீயரிங் தண்டு வழியே கைகளை வந்தடைகிறது. இதில் முக்கியமான ஒன்று உண்டு. டயரின் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னரே இந்த விசை உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கிவிடும். அதாவது, முன்சக்கரங்கள் வழுக்குவதற்கு முன்பே ஸ்டீயரிங் கைகளில் லேசாகும். அனுபவமுள்ள ஓட்டுநர் மழைச் சாலையில் அந்த மாற்றத்தை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். அந்தச் செய்தி வராத காரில், கார் நேராக நழுவும்போதுதான் ஆபத்து தெரியவரும்.

பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில், என்ஜினால் சுழலும் பம்ப் எண்ணெயை அழுத்தும். ஸ்டீயரிங் தண்டில் உள்ள மெல்லிய முறுக்குக் கம்பி எவ்வளவு முறுக்கப்படுகிறதோ அதற்கேற்ப வால்வு திறந்து உதவி கிடைக்கும். எண்ணெய் இருபுறமும் ஓடக்கூடியது என்பதால் சாலையின் சிறு அதிர்வுகளும் கைகளுக்குத் திரும்பி வந்தன. மின்சார ஸ்டீயரிங்கிலும் முறுக்குக் கம்பி உண்டு. ஆனால் அதன் முறுக்கத்தை சென்சார் அளக்கிறது, கணினி கணக்கிடுகிறது, மோட்டார் தள்ளுகிறது. மோட்டாரின் சுழல்நிறையும் பற்சக்கரங்களின் உராய்வும் நுண்ணிய அதிர்வுகளை வடிகட்டிவிடுகின்றன. 'ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தினால் ஸ்டீயரிங் கனமாகும். எனினும், கனம் கூடுவதால் தகவல் கூடுவதில்லை. சோதனை ஓட்டத்தில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

நிறுவனங்கள் மின்சார முறைக்கு மாறியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. பம்ப் எப்போதும் சுழலத் தேவையில்லை என்பதால் எரிபொருள் மிச்சமாகும். தடம் மாறாமல் காக்கும் உதவி, தானாக நிறுத்திக்கொள்ளும் வசதி போன்றவற்றுக்கும் ஸ்டீயரிங்கைக் கணினி திருப்பியாக வேண்டும்.

இந்த மாற்றத்தின் வரலாற்றை பிஎம்டபிள்யூ எம்5 ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம். 1998-இல் வந்த இ39 தலைமுறை எம்5, லாரிகளில் பரவலாகக் காணப்படும் மறுசுழல் பந்து வகை ஸ்டீயரிங்கைக் கொண்டிருந்தது. பெரிய வி8 என்ஜினை வைத்த பிறகு ரேக் அமைப்புக்கு இடமில்லாமல் போனதே காரணம். இன்று பலரும் கொண்டாடும் அந்தக் காரின் ஸ்டீயரிங், நடுநிலையில் சற்றுத் தெளிவற்றது என்பதே அன்றைய விமர்சனம். 2003-இல் 5 சீரிஸ் காருக்கு வேகத்துக்கேற்ப விகிதத்தை மாற்றும் 'ஆக்டிவ் ஸ்டீயரிங்' வந்தபோது, அடுத்து வந்த வி10 எம்5-க்கு அதை நிறுவனம் பொருத்தவில்லை. 2011-இல் சாதாரண 5 சீரிஸ் மின்சார ஸ்டீயரிங்குக்கு மாறியிருந்தும், அதே தலைமுறை எம்5 மட்டும் ஹைட்ராலிக்கிலேயே நீடித்தது. 2017-இல் அறிமுகமான எஃப்90 தலைமுறையில்தான் எம்5-உம் மின்சாரத்துக்கு மாறியது. போர்ஷே பனமேராவும் 2009-இன் முதல் தலைமுறையில் ஹைட்ராலிக், 2016-இன் இரண்டாம் தலைமுறையில் மின்சாரம். தங்கள் சிறந்த ஓட்டுநர் கார்களுக்கு இந்த மாற்றத்தை நிறுவனங்களே தள்ளிப்போட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

மின்சார ஸ்டீயரிங் என்றாலே உயிரற்றது என்று முடிவுகட்டவும் கூடாது. ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோவின் ஸ்டீயரிங் விகிதம் 11.8:1. அதாவது ஸ்டீயரிங்கை ஏறத்தாழ 12 டிகிரி திருப்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பிவிடும். இந்தியாவில் விற்கப்படாத அந்த கார், மின்சார ஸ்டீயரிங் கொண்ட செடான்களில் மிகவும் பாராட்டப்பட்ட ஒன்று. எடை குறைந்த முன்பகுதி, உராய்வு குறைந்த அமைப்பு, பொறுமையாகச் சரிசெய்யப்பட்ட மென்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மோட்டாராலும் பேச முடியும்.

தண்டையே நீக்கிவிட்டு மின்கம்பி வழியே மட்டும் சக்கரத்தைத் திருப்பும் முறையை 2013-இல் இன்ஃபினிட்டி க்யூ50 செடான் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோளாறு ஏற்பட்டால் இணைந்துகொள்ள இயந்திரத் தண்டு ஒன்றையும் அந்நிறுவனம் கூடவே வைத்திருந்தது. சாலை அதிர்வு கைகளுக்கு வராததை நிறுவனம் வசதி என்றது. விமர்சகர்கள் பலர் அதையே குறை என்றனர்.

வலது காலின் கணக்கு

பிரேக் உணர்வுக்கு மூன்று அளவுகள் உண்டு. பெடல் எவ்வளவு ஆழம் செல்கிறது, எவ்வளவு விசை தேவைப்படுகிறது, அதற்கு கார் எவ்வளவு வேகம் குறைகிறது என்பவையே அவை. நல்ல பிரேக்கில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். இன்று மிதித்ததற்கு என்ன கிடைத்ததோ, அதுவே நாளையும், சூடான பின்னும் கிடைக்க வேண்டும்.

எடை கூடினால் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்பதை எளிதில் காட்டலாம். புதிய எம்5-இன் எடை, ஓட்டுநரைச் சேர்க்காமல் சுமார் 2,435 கிலோகிராம். சென்னை அருகே உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் ஒருங்கிணைக்கப்படும் எம்340ஐ காரின் எடையைத் தோராயமாக 1,700 கிலோ என்று கொள்வோம். எம்340ஐ 120 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் இயக்க ஆற்றலை எம்5 100 கிலோமீட்டர் வேகத்திலேயே எட்டிவிடுகிறது. இரண்டிலும் அது ஏறத்தாழ 0.94 மெகாஜூல். 20 டிகிரி செல்சியஸில் உள்ள 2.8 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காரை நிறுத்தும் சில விநாடிகளில் அத்தனையும் பிரேக் அமைப்பு வழியே வெளியேற வேண்டும். எந்தக் காராக இருந்தாலும் வேகம் 100-இலிருந்து 120-க்கு உயர்ந்தால் இந்த ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. வெளிவட்டச் சாலையின் வேக வரம்பு உயர்ந்ததைப் பற்றிய பேச்சில் பயண நேரம் மட்டுமே அடிபட்டது. பிரேக்கின் மீது ஏறிய இந்தச் சுமை பேசப்படவில்லை.

எனவேதான் அதிவேக செடான்களுக்கு ஆறு பிஸ்டன் காலிப்பர்களும் அகன்ற டிஸ்க்குகளும் தரப்படுகின்றன. கூடுதல் விலைக்குக் கிடைக்கும் கார்பன் செராமிக் டிஸ்க்குகள் இலகுவானவை, வெப்பத்தைத் தாங்குபவை. பந்தயத் தடத்துக்குப் போகாதவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. காலைநேரத்தில் குளிர்ந்த நிலையில் முதல் சில மிதிப்புகளுக்கு மந்தமாகவும், சில சமயம் கிறீச்சிட்டும் அவை எரிச்சலூட்டக்கூடும். சைனிக்புரி தெருக்களில் ஓட்டுபவருக்குச் சாதாரண இரும்பு டிஸ்க்கே நல்ல துணை.

கம்பிவழி பிரேக்: ஒரு பழைய பாடம்

பெடலை மிதிக்கும் விசையைக் கணினி படித்து, சக்கரங்களுக்கான அழுத்தத்தைத் தானே உருவாக்கும் முறை புதியதல்ல. மெர்சிடிஸ் பென்ஸ் 2001-இல் எஸ்எல் காரிலும், 2002-இல் இ-கிளாஸ் செடானிலும் 'சென்சோட்ரானிக்' என்ற பெயரில் இதைப் பொருத்தியது. 476 குதிரைத்திறன் கொண்ட இ55 ஏஎம்ஜி காரிலும் இதே அமைப்புதான். மழையில் டிஸ்க்கின் ஈரத்தைத் தானாகத் துடைப்பது, ஆக்சிலரேட்டரில் இருந்து கால் வெடுக்கென விலகினால் முன்கூட்டியே பேட்களை நெருக்கி வைப்பது என அது பல வித்தைகள் செய்தது. மின்னணுக் கட்டுப்பாடு செயலிழந்தால் முன்சக்கரங்களில் மட்டும் ஹைட்ராலிக் பிரேக் இயங்கும். பெடல் ஆழமாகச் செல்லும், கடும் விசையும் தேவைப்படும். 2004-இல் சுமார் 6,80,000 கார்களை நிறுவனம் திரும்பப் பெற நேர்ந்தது. அடுத்த ஆண்டும் திரும்பப் பெறுதல் தொடர்ந்தது. 2006-இல் இ-கிளாஸ் மறுவடிவமைப்பில் இந்த அமைப்பு கைவிடப்பட்டது.

அதே எண்ணம் வேறு வடிவில் மீண்டும் வந்தது. வெற்றிட பூஸ்டருக்குப் பதிலாக மின்மோட்டாரே அழுத்தத்தை உண்டாக்கும் ஒருங்கிணைந்த பிரேக் அமைப்பை, 2016-இல் ஜூலியா கார்தான் சந்தைக்கு எடுத்துவந்தது. ஸ்டீயரிங்குக்காகப் புகழப்பட்ட அதே கார், மெதுவான வேகத்தில் பிரேக் பெடலின் சீரற்ற உணர்வுக்காகக் குறையும் கேட்டுக்கொண்டது. பிஎம்டபிள்யூவின் எம் கார்கள் ஒரு படி மேலே சென்று, பெடல் உணர்வையே 'கம்ஃபோர்ட்', 'ஸ்போர்ட்' என இரண்டாகத் தேர்ந்தெடுக்க வைத்தன. பெடல் உணர்வு இயந்திரத்தின் இயல்பாக இருந்த காலம் போய், மென்பொருளின் தெரிவாக மாறியதன் வெளிப்படையான சான்று இது.

2024 செப்டம்பர் 10 அன்று, காண்டினென்டல் நிறுவனம் வழங்கிய ஒருங்கிணைந்த பிரேக் அமைப்பில் உள்ள குறைபாடு 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைப் பாதிப்பதாக பிஎம்டபிள்யூ அறிவித்து, அந்த ஆண்டுக்கான லாப எதிர்பார்ப்பையும் குறைத்தது. பாதிக்கப்படும் பாகங்களில் சிறு பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும் என்றும், கோளாறு ஏற்பட்டாலும் மாற்று ஏற்பாட்டின் மூலம் காரை நிறுத்த முடியும் என்றும் காண்டினென்டல் விளக்கமளித்தது.

'நிறுத்த முடியும்' என்பதன் பொருளையும் அறிந்துகொள்வது நல்லது. பயணிகள் கார்களின் பிரேக்குக்கான ஐ.நா.வின் 13-எச் விதிமுறைப்படி, முதன்மை அமைப்பு பழுதானாலும் பெடலில் 500 நியூட்டனுக்கு மிகாத விசையில் விநாடிக்கு விநாடி குறைந்தது 2.44 மீட்டர் வேகக் குறைப்பு கிடைக்க வேண்டும். 500 நியூட்டன் என்பது ஏறத்தாழ 51 கிலோ எடையின் அழுத்தம். நல்ல சாலையில் நல்ல டயருடன் முழு பிரேக்கில் கிடைக்கும் குறைப்பில் அது கால் பங்குதான். பெடல் திடீரென ஆழமாகச் சென்றால் பதறிக் காலை எடுக்காமல், முழு பலத்துடன் தொடர்ந்து மிதிக்க வேண்டும் என்பதை இந்த கார்களின் உரிமையாளர்கள் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

ஹுசேன் சாகர் கரையில்

பிரேக்கின் எதிர்காலத்தை ஹைதராபாத் நேரிலேயே பார்த்திருக்கிறது. 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் நடந்த ஃபார்முலா இ பந்தயத்தில் ஓடிய மூன்றாம் தலைமுறை மின்சாரப் பந்தயக் கார்கள், பின்சக்கரங்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக் இல்லாமலே வடிவமைக்கப்பட்டவை. முன்புறம் 250, பின்புறம் 350 என மொத்தம் 600 கிலோவாட் வரை மோட்டார்களே ஆற்றலை மீட்டு வேகத்தைக் குறைக்கும் வகையில் அவை உருவாக்கப்பட்டன. பின்னர் அவசரத் தேவைக்கான பின் பிரேக் சேர்க்கப்பட்டது. அந்தப் பந்தயத்தில் ஜான்-எரிக் வெர்ன் வென்றார். 2024-இல் நடக்க வேண்டிய பந்தயம் ரத்தானது.

சாலை கார்களில் அந்த நுட்பம் சாந்தமாக வந்து சேர்ந்துள்ளது. போர்ஷே டைகானில் அன்றாட பிரேக்கிங்கில் 90 சதவீதத்தை மோட்டார்களே செய்துவிடுவதாக நிறுவனம் கூறுகிறது. காலை எடுத்தவுடன் கார் இழுத்துப் பிடிக்கும் 'ஒற்றைப் பெடல்' பாணியை போர்ஷே வலியுறுத்தவில்லை. கால் எடுத்தால் உருள வேண்டும், மிதித்தால் நிற்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கையே அது பின்பற்றுகிறது. மோட்டாரில் இருந்து டிஸ்க்குக்கு வேலை கைமாறும் கணம் காலுக்குத் தெரியாமல் இருப்பதே இங்கு உண்மையான சவால். மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரால் போதுமான தடை தர இயலாது. மின்கலம் நிரம்பியிருந்தாலும் ஆற்றலை மீட்க இடமிருக்காது. ஆகவே வேகத்தடைக்கு முன்னான கடைசி சில மீட்டர்களில்தான் ஒரு காரின் பிரேக் மென்பொருள் எத்தனை நேர்த்தியானது என்பது வெளிப்படும்.

இந்தியாவில் கிடைத்தவற்றில் எது எப்படி?

2021 மார்ச்சில் 62.90 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமான எம்340ஐ, இந்தியாவில் ஒருங்கிணைக்கப்பட்ட முதல் எம் பெர்ஃபார்மன்ஸ் கார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 4.4 விநாடிகளில் 100 கிலோமீட்டர். ஸ்டீயரிங் விரைவானது, துல்லியமானது. சாலையின் சொரசொரப்பை விரல்நுனிக்குக் கொண்டுவரும் வகை அல்ல. பிரேக்கில் அதன் பெரிய பலம் எடை குறைவு என்பதே.

2024 நவம்பரில் 1.99 கோடி ரூபாய்க்கு வந்த புதிய எம்5, வி8 என்ஜினுடன் மின்மோட்டாரையும் சேர்த்து 727 குதிரைத்திறன் தருகிறது. பின்சக்கரங்களும் 1.5 டிகிரி வரை திரும்பும். இதனால் குறுகிய தெருவில் அது தன் உருவத்தைவிடச் சிறிய கார்போல நடந்துகொள்ளும். நேர்ச்சாலையில் அசையாத உறுதி தரும். ஆனால் அடுத்தடுத்த வளைவுகளில் எடையை எந்த மென்பொருளாலும் மறைக்க முடியாது.

அதே மாதத்தில் 1.95 கோடி ரூபாய்க்கு வந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸ், நான்கு சிலிண்டர் என்ஜினும் பின்புற மின்மோட்டாரும் சேர்ந்து 680 குதிரைத்திறன் கொண்டது. எடை 2,111 கிலோ. பின்சக்கரங்கள் 2.5 டிகிரி வரை, 100 கிலோமீட்டர் வேகம் வரை முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் திரும்புகின்றன. இதனால் கார் மூக்கைத் திருப்பும் வேகம் வியப்பூட்டும். முதல் நாளில் சற்று அதிகமாகவே திருப்பிவிட்டோமோ என்ற எண்ணமும் எழும். ஆற்றல் மீட்பு நான்கு நிலைகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் கால் எடுத்தால் கார் நடந்துகொள்ளும் விதம் வேறு. வீட்டில் இரண்டு பேர் ஓட்டும் காரில் இது சிறிய விஷயமல்ல.

ஸ்டீயரிங், பிரேக் உணர்வை மட்டும் வைத்து, அதுவும் சைனிக்புரி போன்ற பகுதியில் இருந்து அன்றாடம் ஓட்டுவதற்கு என்று கேட்டால், இவற்றில் விலை குறைந்த எம்340ஐ பின்தங்கவில்லை என்பதே நேர்மையான பதில். கூடுதல் கோடி ரூபாய் வேகத்துக்குச் செல்கிறது, உணர்வுக்கு அல்ல.

சோதனை ஓட்டத்தில் கவனிக்க வேண்டியவை

ஷோரூம் வாசலில் இருந்து பத்து நிமிட ஓட்டம் போதாது. முடிந்தால் வசிக்கும் பகுதிக்கே காரை வரவழைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகத்தடைக்கு முன் மெதுவாக நிறுத்தும்போது கடைசி கணத்தில் தலை முன்னே குலுங்குகிறதா என்று பார்க்கலாம். பாலிஷ் போட்டதுபோன்ற தார்ச்சாலையில் இருந்து கரடுமுரடான பகுதிக்கு மாறும்போது கைகளுக்கு ஏதாவது தெரிகிறதா என்று கவனிக்கலாம். 'கம்ஃபோர்ட்' நிலையில் தொடங்கி, பிறகே 'ஸ்போர்ட்' நிலைக்கு மாற்றுவது நல்லது. ஹைபிரிட் அல்லது மின்சார கார் என்றால் மின்கலம் நிரம்பிய நிலையில் ஒரு முறையும் குறைந்த நிலையில் ஒரு முறையும் பிரேக்கைச் சோதிக்க வேண்டும்.

பயன்படுத்திய காரை வாங்குவோர் பிரேக் திரவத்தையும் கேட்டறிய வேண்டும். இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். தரநிலை வரையறுக்கும் அளவுக்கு ஈரம் சேர்ந்தபின் அந்தக் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் திரவம் கொதித்துக் குமிழி உண்டானால், எத்தனை பிஸ்டன் காலிப்பராக இருந்தாலும் பெடல் பஞ்சுபோல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திரவத்தை மாற்றியதற்கான பதிவு சர்வீஸ் குறிப்பில் இருக்கிறதா என்பதைச் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.